உப்பு நுழையாத கொட்டகை

இரண்டு ஐஸ் துண்டுகளை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, சாமி கும்பிடுவதுபோல் அழுத்திப் பிடித்திருக்கிறார் கோவிந்தம்மா. கண்ணை மூடவில்லை. உதடு மட்டும் எதையோ முணுமுணுக்கிறது. பிறகு கையை விரித்து, ஒரு துண்டை மட்டும் விரல் நுனியால் தூக்குகிறார். மற்றதும் கூடவே தொங்கிக்கொண்டு வருகிறது.

"பழுத்துடுச்சி. எறக்கு."

குட்டியானை வண்டியிலிருந்து ஐஸ் பார்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. சில நாட்களில் துண்டுகள் ஒட்டுவதில்லை. கையை விரித்ததும் தனித்தனியாக உருண்டு விழும். அன்றைக்கு முகம் சுருங்கும். "காயி. இத்த இப்ப ஒடைக்காத. கடிக்கும்" என்று சொல்லி, பார்களைச் சாக்கு போட்டு மூடி ஓரமாக வைத்துவிடுவார். அவசரத்தில் நிற்கும் மீன்காரர்கள் திட்டுவார்கள். அவர் காதில் வாங்கமாட்டார். பழுக்காததை அறுத்துப் பந்தியில் வைக்கிற வீடு எங்கேயாவது உண்டா என்று திருப்பிக் கேட்பார்.

ஐஸில் காய், பழம் என்ற இந்தப் பாகுபாடு முழுக்க அவருடையது. ஐஸ் தயாராகும் தொழிற்சாலை பொன்னேரிப் பக்கம் இருக்கிறது. அங்கேயே போய் விசாரித்தேன். அப்படி யாரும் சொல்வதில்லை என்றார்கள்; ஆனால் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கவும் இல்லை. தொட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த ஐஸ், உறைநிலைக்குப் பல டிகிரி கீழே கிடக்கும். கல்லைப்போல் வறண்டிருக்கும். கையால் எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றோடொன்று சேராது. வழியில் வெயில் பட்டு, உருகும் விளிம்புக்கு வந்துவிட்டால் அதன் குணம் மாறிவிடும். அழுத்திய இடத்தில் ஒரு மயிரிழை இளகும். பிடியை விட்டதும் அந்த நீர் மறுபடி உறைந்து இரண்டையும் பிணைத்துவிடும். காய் ஐஸில் மீனைப் புதைத்தால் தோல் ஒட்டிக்கொண்டு உரிந்து வரும். பழுத்த ஐஸ் மீனை நனைத்துக்கொண்டே குளிர வைக்கும். வெப்பமானி சொல்கிற இதே சேதியைக் கோவிந்தம்மா கும்பிட்டுத் தெரிந்துகொள்கிறார்.

வெப்பமானி என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருநாள் நான் அவருடைய ஐஸ் பெட்டிக்குள் ஒன்றைச் செருகிப் பார்த்தேன். அவர் ஐஸ் உடைக்கும் குத்தூசியைக் கீழே வைத்துவிட்டு, மிகுந்த அக்கறையோடு, "ஐஸுக்கு ஜொரமா சார்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் அதை வெளியே எடுக்கும்போதெல்லாம், பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்து கொடுக்கும் முனியம்மாள், "டாக்டரு வந்துட்டாரு" என்று அறிவிப்பது வழக்கமாகிவிட்டது.

பழவேற்காட்டுப் படகுத்துறையில், மீன் ஏலம் போடும் இடத்துக்குப் பின்னால், தகரக் கூரையும் தகரச் சுவரும் கொண்டது கோவிந்தம்மாவின் கொட்டகை. பார்களை வாங்கி வைத்து, கேட்பவர்களுக்கு முழுசாகவோ, பாதியாகவோ, நொறுக்கியோ கொடுப்பது தொழில். வயது ஐம்பத்தைந்து என்று அட்டையில் இருக்கிறது, ஐம்பது என்று அவர் சொல்கிறார், அறுபது என்று முனியம்மாள் சொல்கிறார். நான் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. புடவைக்குமேல் முழுக்கை சட்டை, அதற்குமேல் மகன் வாங்கித் தந்த ஸ்வெட்டர். சித்திரை வெயிலில் ஊரே சட்டையைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டிருக்கும்போது, இவர் ஒருவர்தான் ஸ்வெட்டர் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிற்பார். காலில் ரப்பர் பூட்ஸ்; ஒன்று கறுப்பு, ஒன்று பச்சை. இரண்டுமே இடது காலுக்கானவை என்பதைக் கவனித்துச் சொன்னேன். "நடக்கறது நானு, ஒனுக்கு இன்னா சார் வலிக்குது?" என்றார்.

குளிர்ந்த தண்ணீரைத் தொடமாட்டார். ஃபிளாஸ்க்கில் டீ கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும். கடை வைத்திருக்கிற நீங்கள் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: "நாள் பூரா அதோட குடித்தனம் பண்றேன். குடிக்க வேற செய்யணுமா?" வீட்டில் மகன் ஃப்ரிட்ஜ் வாங்கி வைத்திருக்கிறான். அது இன்றுவரை கரண்டைப் பார்த்ததில்லை. மேல்தட்டில் ரேஷன் அட்டையும் மருந்துச் சீட்டும், கீழ்தட்டில் மடித்த பட்டுப்புடவைகளும் இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். கதவு நன்றாக மூடிக்கொள்கிறது, பல்லி நுழையாது என்று அதைப் புகழ்ந்தார்.

விடிந்ததும் முதல் வேலை, நொறுக்கின ஐஸ் பெட்டியின் அடியைத் தட்டுவது. மேலே கிடக்கும் பாரத்தால் அடியில் இருக்கும் தூள் எல்லாம் ஒன்றோடொன்று அழுந்தி, பலகைபோல் இறுகிக் கிடக்கும். மரக்கட்டையால் அதை அடித்து உடைத்துக்கொண்டே, வேலைக்குப் போகாத மருமகனை எழுப்புகிற குரலில் பேசுவார். "ஒண்ணா படுத்தா ஒட்டிக்கினு தூங்கிடுவியா? எழுந்துரு. ஊரெல்லாம் வேலைக்குப் போவுது." மீன் பெட்டிகளை மூன்றுக்கு மேல் அடுக்கவிடமாட்டார். நாலாவது பெட்டி ஏறினால், அடிப்பெட்டியில் ஐஸ் கல்லாக இறுகி மீனின் வயிற்றை அமுக்கிவிடும். "அமுக்கினா எளகும், வுட்டா ஒட்டும். இதுக்குக் கோவமும் தெரியாது, ரோஷமும் தெரியாது" என்பார். ஐஸின் மேல் அவருக்கு இருந்த ஒரே குறை இதுதான். உடைத்தால் உடைந்தபடி இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சியை ஐஸ் விஷயத்தில் மட்டும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. தங்கை தேவகியோடு பேசுவதை நிறுத்தி இரண்டு கோடை ஆகியிருந்தது.

காரணம் உப்பு. தேவகி ஏரிக்குள் தீவாக இருக்கும் பசியாவரத்தில் வாழ்க்கைப்பட்டவர். அக்காவைவிடக் குள்ளம், அக்காவைவிடச் சத்தம். பொன்னேரி போயிருந்தபோது, குல்ஃபி வண்டிக்காரர் ஐஸில் உப்பைக் கலந்து அதற்குள் குல்ஃபிக் குவளைகளைப் புதைப்பதைப் பார்த்திருக்கிறார். உப்பு போட்டால் ஐஸ் இன்னும் சில்லென்று ஆகும் என்று அந்த ஆள் சொன்னதும் உண்மைதான். ஊர் திரும்பிய தேவகி, அக்காவுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, கேட்காமல் கொள்ளாமல் ஐஸ் பெட்டியில் இரண்டு கை கல்லுப்பை அள்ளிப் போட்டார். அந்தப் பெட்டியில் ஐந்தாறு பேருடைய மீன் இருந்தது. உப்பு பட்ட ஐஸ் கஞ்சியாக இளகி ஓடிற்று. ஆனால் அந்தக் கஞ்சியின் குளிரில் மீன்கள் விறைத்து, கண் வெளுத்து, கட்டைகளாகிவிட்டன. குல்ஃபி நன்றாக வந்திருக்கும். மடவை மீன் அப்படி வரவில்லை.

கோவிந்தம்மா துறையில் இருந்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துத் தங்கையைத் திட்டினார். தேவகி, ஐஸ் என்ன உன் மாமியார் வீட்டுச் சொத்தா என்று கேட்டுவிட்டுப் படகேறினார். அன்றிலிருந்து கொட்டகைக்குள் உப்புக்குத் தடை. ஏரித் தண்ணீர் சொட்டும் கூடையைக்கூட வாசலில் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். முனியம்மாள் கஞ்சிக்கு வைத்திருக்கும் உப்புப் பொட்டலத்தையும் வெளியே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வருவார்.

ஆனாலும் ஐஸ் இல்லாமல் பசியாவரத்தில் மீன் தொழில் நடக்குமா? தேவகி வருவார். வாசலுக்கு வெளியிலேயே நின்று, தகரச் சுவரைப் பார்த்து, "ரெண்டு கூடை வேணும்னு சொல்லு" என்பார். கோவிந்தம்மா உள்ளிருந்து குத்தூசியைப் பார்த்து, "கூடைய அலசிட்டாங்களானு கேளு" என்பார். நடுவில் யாராவது ஒருவர் இதை எடுத்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அது மீன் வியாபாரி கௌஸ் மைதீனாக இருக்கும். பாய் பொறுமைசாலி. ஆனால் அவரும் ஒருநாள், "ரெண்டு பேருக்கும் நடுவுல நான் இன்னா தந்தி ஆபீசா?" என்று கேட்டுவிட்டார்.

இனி, கத்திரி தொடங்கிய வாரத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

தொழிற்சாலையில் கரண்ட் இல்லையென்று அன்று குட்டியானையில் பாதிச் சுமைதான் வந்தது. வெயில் ஏறுவதற்குள் ஒரே ஒரு பாரைத் தவிர எல்லாம் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து கௌஸ் மைதீன் மடவை மீனோடு வந்தார். அவர் வந்து நின்ற கையோடு பசியாவரத்துப் படகு கரை தட்டியது. தேவகி இறால் கூடைகளை இறக்கினார்.

ஏரியில் இறால் விழும் இடங்களை மீனவக் குடும்பங்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கின்றன. அதைப் பாடு என்பார்கள். ஒரு குடும்பத்தின் பாடு வந்து போய்விட்டால், அடுத்தது எப்போது சுற்றி வருமென்று விரல் மடக்கிக் காத்திருக்க வேண்டும். அன்றைக்குத் தேவகி வீட்டுப் பாடு. நல்ல வெள்ளை இறால், கூடை கூடையாக விழுந்திருந்தது. இறால் வாங்கும் வண்டி, கட்டி ஐஸ் வைக்காத கூடையை ஏற்றாது. ஐஸ் கிடைக்காவிட்டால் அத்தனையையும் அங்கேயே உப்புப் போட்டுக் கருவாடாக்க வேண்டியதுதான். ஐஸ் தட்டுப்பாட்டைக் கரையிலேயே கேள்விப்பட்ட தேவகி, வரும் வழியில் ஒரு பை கல்லுப்பும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வாசலுக்கு வெளியே உட்கார்ந்து, பையை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். கொட்டகையில் இருந்த எல்லோர் கண்ணும் அந்தப் பையின் மேல் போய்விட்டுத் திரும்பியது.

"பாதி பார் வேணும்னு சொல்லு" என்றார் தேவகி, சுவரிடம்.

பாய்க்கும் பாதி பார்தான் வேண்டும். அங்கேதான் சிக்கல். குத்தூசியால் பிளந்தால் பார் அதன் இஷ்டத்துக்கு உடையும். ஒரு பக்கம் பெரிதாகப் போகும். பெரிய பக்கம் தேவகிக்குப் போனால், தங்கைக்குக் கொடுத்துவிட்டாள் என்பார்கள். பாய்க்குப் போனால், தங்கையைப் பழிவாங்கிவிட்டாள் என்பார்கள். குறைந்த பக்கத்துக்குத் தூள் ஐஸ் போட்டு ஈடு கட்டலாமே என்று முனியம்மாள் சொன்னார். தூள் தனக்கு வேண்டாம், வண்டி மீஞ்சூரைத் தாண்டுவதற்குள் தண்ணீராகிவிடும் என்றார் பாய். ரம்பம் போட்டால் ஒரு படி ஐஸ் தூளாகவே கொட்டிப் போய்விடும். இத்தனை வருடத்தில் கோவிந்தம்மாவின் பங்கைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை. அதுதான் அந்தக் கொட்டகைக்கு இருக்கும் பெயர். அந்தப் பெயர் அன்று ஒரே ஒரு பாரின்மேல் உட்கார்ந்திருந்தது.

கோவிந்தம்மா கொஞ்ச நேரம் பாரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகம் தெளிந்தது.

"சின்ன வயசுல கடைல சோப்பு வாங்குவோமே, நீட்டு சோப்பு. கடைக்காரரு அத்த கம்பிலதான அறுப்பாரு? தூளும் வராது, கோணவும் கோணாது. வெண்ணெ மாதிரி எறங்கும்."

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கும் பட்டது. இரண்டு மீன் பெட்டிகளைச் சற்று இடைவெளி விட்டு வைத்து, அவற்றின்மேல் பாரைப் பாலம்போல் கிடத்தினார்கள். வலைக் கயிற்றால் பாரின் நீளத்தை அளந்து, கயிற்றை இரண்டாக மடித்து, நடு இடத்தில் கோவிந்தம்மா ஒரு கீறல் போட்டார். கயிற்றைப் பாயும் அளந்தார். தேவகி சார்பில் முனியம்மாள் அளந்தார். நண்டுக் கூடு கட்டுவதற்கு வைத்திருந்த மெல்லிய எஃகுக் கம்பியைக் கீறலின்மேல் போட்டு, இரண்டு நுனியிலும் பழைய எடைக்கற்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மின்தராசு வந்ததிலிருந்து மூலையில் கிடந்த கற்கள். இந்தப் பக்கம் எத்தனையோ அந்தப் பக்கமும் அத்தனை.

கம்பி இறங்கத் தொடங்கியது. மெதுவாகத்தான். கண்ணுக்குத் தெரியாமல் இறங்கி, திரும்பிப் பார்த்தால் இறங்கியிருக்கும். முனியம்மாள் பாதி ஆய்ந்த மீனை அப்படியே போட்டுவிட்டு வந்து குந்திக்கொண்டார். ஏலக்காரர்கள் வந்தார்கள். இப்போது பாதி, இப்போது முக்கால் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எல்லோரும் குனிந்து, கம்பி வெளியே வரப்போகும் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்பி போய்விட்ட மேல்பக்கத்தை யாரும் பார்க்கவில்லை.

கற்கள் ணங்கென்று தரையில் விழுந்தன. கோவிந்தம்மா ஒரு அடி பின்னால் போய், ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எடுத்துக்குங்க."

கௌஸ் மைதீன் ஒரு முனையைப் பிடித்தார். தேவகி இரண்டு கோடைக்குப் பிறகு வாசலைத் தாண்டி உள்ளே வந்து மறுமுனையைப் பிடித்தார். இருவரும் தூக்கினார்கள். பார் முழுசாக எழுந்து வந்தது. பல்லக்குத் தூக்கிகள்போல் இருவரும் அதை நடுவில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். கம்பி கீழே கிடந்தது. பாரில் ஒரு விரிசல்கூட இல்லை.

பிறகு துறை முழுக்கச் சிரித்தது. முனியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, இது அம்மன் வேலை, ஒரு கற்பூரம் ஏற்றி வைக்க வேண்டும் என்று எழுந்தார்.

"கற்பூரம் வெச்சா உருகிடும்டி. குந்து" என்றார் கோவிந்தம்மா.

பாய் பாரைப் பெட்டிமேல் இறக்கி வைத்துவிட்டு, கம்பி உள்ளே போனதையும் பார்த்தேன், வெளியே வந்ததையும் பார்த்தேன், அறுத்ததை மட்டும் பார்க்கவில்லையே என்றார். கேலியாகத்தான் சொன்னார். ஆனால் கூட்டத்தில் பின்னால் நின்ற யாரோ, தங்கைக்கு முழுசாகக் கொடுப்பதற்காகவே செய்த தந்திரம் இது என்றார். அதே நேரத்தில் தேவகி தன் இறாலைப் பார்த்து, "எனுக்குக் குடுக்கக்கூடாதுன்னுதான் இந்த வேலையெல்லாம்" என்றார். எந்த இரண்டு பேச்சுக்கும் பயந்து இத்தனை ஏற்பாடும் செய்தாரோ, அந்த இரண்டும் ஒரே மூச்சில் வந்து விழுந்துவிட்டன. கோவிந்தம்மாவின் முகம் சிறுத்துப்போய்விட்டது. அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

அவர் குனிந்து பாரின்மேல் விரலை ஓட்டினார். கம்பி போன வழியெங்கும், மேலிருந்து அடிவரை, நூல் பிடித்ததுபோல் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. நுண்ணிய காற்றுக் குமிழிகளின் கோடு. கீழே கிடந்த இரண்டு சில்லுகளைப் பொறுக்கினார். உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். தூக்கினார். ஒட்டிக்கொண்டு வந்தன.

"தெனம் காத்தால நான் அத்த அமுக்கிப் பாக்கறேன், இன்னிக்கு அது என்ன அமுக்கிப் பாத்துடுச்சு" என்றார், யாரிடமும் இல்லாமல்.

நடந்தது அவ்வளவுதான். கற்களின் பாரம் முழுவதும் மெல்லிய கம்பியின் கீழ் ஒரு கோட்டில் இறங்கும்போது, அந்த இடத்தில் மட்டும் ஐஸ் உருகும் நிலை கொஞ்சம் கீழே போகிறது. போகிற அளவு மிகச் சிறியது. கம்பி வெயிலிலிருந்து கொண்டுவரும் சூட்டுக்கும் அதில் பங்கு உண்டு. உருகிய நீர் கம்பியைச் சுற்றிக்கொண்டு மேலே வருகிறது. மேலே அழுத்தம் இல்லை, இரண்டு பக்கமும் ஐஸ். உடனே உறைந்துவிடுகிறது. சோப்புக்கு இந்த வித்தை தெரியாது.

ஆனால் விளக்கம் இறாலைக் காப்பாற்றாது. பார் சொட்டிக்கொண்டிருந்தது. மறுபடி வாசலுக்கு வெளியே போய் உட்கார்ந்து, ஈரச் சாக்கை விலக்கிப் பார்த்த தேவகி, ஒரு இறாலை எடுத்துத் தலையைத் திருப்பிப் பார்த்தார். தலை கறுக்கத் தொடங்கினால் வண்டிக்காரர் தொடமாட்டார். தேவகி இறாலைக் கூடையில் போட்டார். பக்கத்தில் விட்டுப்போயிருந்த உப்புப் பையை முன்னால் இழுத்தார். வாய்க்கட்டை அவிழ்த்தார். கை உள்ளே போயிற்று.

கோவிந்தம்மா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்குள் வந்த உப்பைப் பார்த்தார். பிறகு பாரின் வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். மறுபடி உப்பைப் பார்த்தார். இரண்டு கோடைக்கு முன் அவர் பெட்டியில் கஞ்சியாகி, எவ்வளவு தட்டியும் கட்டியாகச் சேராமல் போன ஐஸ் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். இது என் ஊகம்.

குத்தூசியைக் கையில் எடுத்தார். அதைப் பார்த்துச் சொன்னார்: "உப்பு பட்ட எடத்துல ஐஸு ஒட்டாதுன்னு சொல்லு."

எடுத்துச் சொல்ல யாரும் வரவில்லை. முனியம்மாள் பாயைப் பார்த்தார். கௌஸ் மைதீன் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, ஏரியின் பக்கம் திரும்பி நின்றார்.

"தந்தி ஆபீஸ் லீவு" என்றார்.

தேவகியின் கை உப்போடு இறால் கூடையின்மேல் நின்றது. கோவிந்தம்மா குத்தூசியைக் கீழே வைத்தார்.

"தேவகி. உப்பு குடேன்."

தேவகி உடனே திரும்பவில்லை. கையில் இருந்ததைப் பைக்குள் போட்டார். முந்தானையில் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

"எவ்ளோ வேணும்க்கா?"

"ஒரு கை."

"ஒரு கை போதுமா? அன்னிக்கு ரெண்டு கைக்கே ஊரக் கூட்னியே."

"அன்னிக்கு நீ கேக்காம போட்ட. இன்னிக்கு நான் கேட்டு வாங்கறேன். எத்துகினு வா."

தேவகி பையோடு உள்ளே வந்தார். கொட்டகைக்குள் உப்பு வந்தது. ஒரு சொம்புத் தண்ணீரில் அதைக் கரைத்தார்கள். வெள்ளைக் கோட்டின்மேல் மறுபடி கம்பியைப் போட்டு, மறுபடி கற்களைக் கட்டினார்கள். கம்பி ஐஸுக்குள் இறங்க இறங்க, அதன் பின்னாலேயே தேவகி உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். உப்பு கலந்த நீர் அந்தக் குளிரில் உறையாது. அதனால் பிளவும் மூடவில்லை. இந்தத் தடவை எல்லோரும் மேல்பக்கத்தைத்தான் பார்த்தார்கள்.

"மெதுவா வுடுடி. ஒரேடியா கொட்டாத."

"கொட்டல."

"கம்பி பின்னாலயே வுடு. ஓரத்துல வுடாத, பாய் பங்கு கரையும்."

"எனுக்குத் தெரியும்க்கா. நான்தான உப்புக்காரி."

முனியம்மாள் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தார். கம்பி முதல் தடவையைவிடச் சுருக்காக இறங்கியது. பாதி இறங்கியதுமே பிளவின் வழியாக மறுபக்கம் நின்ற பாயின் லுங்கிக் கட்டங்கள் தெரிந்தன. கற்கள் விழுந்தபோது பார் இரண்டாகி, ஒவ்வொரு பாதியும் அததன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தது. நடுவில் விரல் நுழையும் அளவுக்குச் சந்து.

எடை போட்டுப் பார்க்கட்டுமா என்று கோவிந்தம்மா கேட்டார். பாய் வேண்டாமென்றார். கம்பி நடுவில்தான் போனது, அதை இரண்டு தடவை பார்த்தாயிற்று, இதற்குமேல் என்ன தராசு என்றார். தன் பாதியைச் சாக்கில் சுற்றித் தோளில் ஏற்றிக்கொண்டு, போகும்போது தேவகியிடம், இனி உங்கள் வீட்டுச் சேதியெல்லாம் நேராகவே போகட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோவிந்தம்மா தேவகியின் பாதியை நல்ல தண்ணீரில் அலசினார். அறுத்த முகத்தை இரண்டு தடவை அலசி, சாக்கால் துடைத்தார். அந்தப் பக்கம் இறாலில் படாமல் வைக்க வேண்டும் என்றார். தேவகி, தெரியும் என்றார். கூடைக்கு மேல் ஒரு கூடைதான் வைக்க வேண்டும் என்றார். அதுவும் தெரியும் என்றார். வண்டிக்காரர் வந்து, சாக்கைத் தூக்கிப் பார்த்து, இறாலின் தலையைத் திருப்பிப் பார்த்து, ஏற்றச் சொன்னார். வண்டி போனது. தேவகியும் படகுக்குப் போனார். போய் வருகிறேன் என்று சொன்னாரா என்பது எனக்குக் கேட்கவில்லை.

உப்புப் பை பெட்டிமேல் இருந்தது. மறந்துவிட்டுப் போனதா, வைத்துவிட்டுப் போனதா என்று எனக்குத் தெரியாது. முனியம்மாள்தான் முதலில் பார்த்தார். கொட்டகைச் சட்டப்படி அதை ஏரியில் கொட்டிவிட்டு வரலாமென்று எடுத்துக்கொண்டு வாசல் வரை போனார்.

கோவிந்தம்மா எட்டி அவர் கையிலிருந்து பையை வாங்கினார். வாயை முறுக்கி முடிச்சுப் போட்டார். ஒரு பாலிதீன் கவருக்குள் அதைப் போட்டு அதற்கும் ஒரு முடிச்சு. இரண்டு இடது பூட்ஸ்களோடும் மீன் பெட்டிமேல் ஏறி நின்று, ஐஸ் பெட்டியிலிருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி, கொட்டகைக்குள்ளேயே கூரைக்கு அடியில் இருந்த ஆணியில் அதை மாட்டினார். கீழே இறங்கியவர், மறுபடி ஏறி, முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.